மகனுக்கு நான் சொன்ன துவக்கு

என் மகன் கனடாவில் அல்பேர்ட்டாவுக்கு வேலைக்குப் போன நான்காம் வருடம், ஒரு ஞாயிறு பின்னேரம், தாயோடு பேசி முடித்தபின் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னான். அதில் புதுமை எதுவும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். "எப்பிடி அப்பா, சுகமோ?" என்பான். "ஓம் தம்பி, சுகம்" என்பேன். அங்கே குளிர் எப்படி என்று கேட்பேன். எத்தனை பாகை என்று சொல்வான். பிறகு இரண்டு பேரும் மற்றவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்போம். எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மனைவி பக்கத்தில் நின்று "கதையுங்கோ, கதையுங்கோ" என்று கையைச் சுழற்றிக் காட்டுவாள். எனக்கு இன்னும் வாய் அடைத்துப்போகும்.

அந்த ஞாயிறு அவன் சுகம் விசாரிக்கவில்லை.

"அப்பா, உங்களிட்ட ஒண்டு கேக்கோணும். துவக்கு விஷயம்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவளுக்குக் கேட்கவில்லை.

அவனுடைய வேலையிடத்து ஆட்கள் ஒவ்வொரு இலையுதிர் காலமும் எல்க் வேட்டைக்குப் போவார்களாம். இந்த முறை அவனையும் கூப்பிட்டிருந்தார்கள். "எல்க் எண்டால் மான்தான் அப்பா. ஆனா நீங்கள் நினைக்கிற மான் இல்லை. தலையில மரம் முளைச்ச மாடு எண்டு வையுங்கோ" என்றான். ஒன்று கிடைத்தால் குளிர்காலம் முழுவதும் ஒரு குடும்பத்துக்கு இறைச்சி. வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, துவக்கு வைத்திருக்க லைசென்சும் எடுத்துவிட்டான். துவக்குத்தான் இன்னும் வாங்கவில்லை. கூட்டாளிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். தேர்ட்டி ஓட் சிக்ஸ் என்ற தோட்டாவைப் போடுகிற ரைபிள் போதும் என்று ஒரு பகுதி. அதைவிடப் பெரிய தோட்டா, த்ரீ ஹன்ட்ரட் மேக்னம் என்று சொல்கிறார்கள், அதுதான் எல்க்கை விழுத்தும் என்று மற்றப் பகுதி.

"நீங்கள் துவக்குப் பிடிச்ச ஆள்தானே அப்பா. நீங்கள் சொல்லுங்கோ, எதை எடுக்கட்டும்?"

நான் அதுவரை வாழ்க்கையில் ஒரு துவக்கைத் தொட்டது கிடையாது.

அதைப் பிடித்தவர் என் அண்ணன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சந்தையில் இறைச்சிக்கடைக்கு வேலைக்குப் போனேன். அண்ணன் பதினெட்டு வயதில் இயக்கத்துக்குப் போனார். இரண்டு வருடத்துக்குப் பிறகு வலது தோள் எலும்பு உடைந்து, உள்ளே குழி விழுந்து, வீட்டுக்கு வந்து படுத்தார். அவர் பட்டதை எல்லாம் எனக்குச் சொன்னார். நான் திருப்பிக் கேள்வி கேட்காதவன், அதனால்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பிறகு நான் வெளிநாட்டுக்கு வருவதற்காகக் கொழும்பில் ஏஜென்சிக்காரனின் அறையில் காத்திருந்தபோது இராணுவம் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பி வரவில்லை.

லண்டனில் எனக்கு அகதிக் கேஸ் எழுதித் தந்தவர் நம்முடைய ஆள்தான். நான் ஷெல் விழுந்ததையும் ஓடியதையும் சொன்னேன். பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, பயந்து ஓடி வந்தனான் எண்டால் கேஸ் நிக்காது. எல்லாரும்தான் பயந்தவை. உனக்கெண்டு ஒரு கதை வேணும்" என்றார். எனக்குத் தெரிந்த கதை அண்ணனுடையது மட்டும்தான். அதைச் சொன்னேன். பிடித்துக்கொண்டு போய்ப் பயிற்சி தந்தார்கள், இரண்டு வருடம் துவக்குத் தூக்கினேன், சண்டையில் தோளில் அடிபட்டது, இப்போது இராணுவம் தேடுகிறது. சகோதரர்கள் உண்டா என்று இன்டர்வியூவில் கேட்டார்கள். அண்ணன் ஒருவர் இருந்தார் என்றால் அவரைப் பற்றியும் கேட்பார்களே என்ற பயத்தில், ஒருவரும் இல்லை என்றேன். மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு விசா கிடைத்தது.

மனைவி வந்த முதல் மாதமே அவளுக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன். மகனுக்குச் சொல்லவில்லை. கேஸ் பேப்பர்கள் அலுமாரியில் ஒரு மண்ணிறக் கோப்பில், பிறப்புச் சான்றிதழ்களோடு கிடந்தன. மகனுக்குப் பதினைந்து வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் பாஸ்போர்ட் தேவைப்பட்டு அந்தக் கோப்பை எடுத்திருக்கிறான். நான் வேலையால் வந்தபோது மனைவி வாசலிலேயே மறித்தாள். "எல்லாத்தையும் இருந்து வாசிச்சுப்போட்டான். அழுதிருக்கிறான் போல. நான் வாய் திறக்கேல்லை. நீங்களே சொல்லுங்கோ."

அந்த வயதில் என் மகனுக்கு நான் பக்கத்தில் வருவதே பிடிக்காது. மேனர் பார்க்கில் ஒரு தமிழ்க் கடையின் இறைச்சிப் பகுதியில் வேலை செய்தேன். இன்றைக்கும் அங்கேதான். எவ்வளவு கழுவினாலும் ஜாக்கெட்டில் ஆட்டுக் கொழுப்பு மணக்கும். அன்றைக்கு அவன் எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தான். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தான். என் வலது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். கப்பைக் கீழே வைத்தால் சொல்ல வேண்டி வரும் என்று, ஆறிய பிறகும் கையில் வைத்திருந்தேன்.

சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாதது பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படியே கிடந்தது. அவன் அதைப் பற்றி என்னிடம் வாய் திறந்து கேட்டதில்லை. ஆனால் கூட்டாளிகள் வீட்டுக்கு வந்தால், என் அப்பா நிறையப் பட்டவர் என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொல்வான். அந்த ஆங்கிலம் எனக்கு விளங்கும். அவர்கள் எழுந்து நின்று எனக்குக் கை கொடுப்பார்கள்.

இப்போது அவன் துவக்கு எது என்று கேட்கிறான்.

"யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்றேன்.

அந்தக் கிழமை முழுவதும், நாங்கள் இருக்கிற செவன் கிங்ஸிலிருந்து வேலைக்குப் போகிற பஸ்ஸில் போனில் வேட்டை வீடியோ பார்த்தேன். அவர்கள் பேசுவதில் பாதி விளங்கவில்லை. அதனால் சுடுகிறவர்களின் தோளையே பார்த்தேன். சின்னத் தோட்டாவுக்குத் தோள் ஒருமுறை அசைந்து நின்றது. மேக்னத்துக்கு ஆளே பின்னால் போய் வந்தான். ஒருவன் விசையை இழுக்க முதலே கண்ணை இறுக்கி மூடினான். சாப்பாட்டு நேரத்திலும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் மீன் வெட்டுகிற பெடியன், அவனுக்கும் இப்போது நாற்பது வயது, எட்டிப் பார்த்துவிட்டான்.

"என்ன அண்ணை இது? ஆடு வெட்டக் கத்தி காணாதோ?"

"மகனுக்கு. வேட்டைக்கு."

"நான் நினைச்சன் முதலாளியோட ஏதும் பிரச்சினையாக்கும் எண்டு. எனக்கும் ஒண்டு சொல்லிவிடுங்கோ. மீன் வாங்கிப்போட்டு, இது நேற்றையான் மீனோ எண்டு கேக்கிறவைக்கு."

நான் சிரித்தேன். அந்தக் கிழமை நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்கத் தேவையில்லை. மகனிடம் சொல்வதற்கு எனக்கு ஒரு விஷயம் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவன் தாயோடு இரண்டு நிமிஷம்தான் பேசினான்.

"அப்பா, மேக்னம் கடுமையா உதைக்குமாமே. நீங்கள் பிடிச்சதும் உதைச்சிருக்குமே, எப்பிடிச் சமாளிச்சீங்கள்?"

சின்னதை வாங்கு என்று சொல்லத்தான் இருந்தேன். வீடியோவில் பார்த்ததை வைத்து அதைத்தான் முடிவு செய்திருந்தேன். ஆனால் அவன் கேட்ட விதம், ஒரு பெரிய வீரனிடம் கேட்கிற மாதிரி. அந்த வீரன் சின்னதை எடு என்று சொல்வானா?

"உதையெல்லாம் ரெண்டு நாளில பழகிப்போகும்" என்றேன். "பெரிய மிருகம் எண்டால் பெரிசையே எடு."

"அவ்வளவுதான்! நானும் அதைத்தான் நினைச்சனான்" என்றான். அரை மணித்தியாலம் பேசினான். என்னோடு அவன் அவ்வளவு நேரம் பேசினது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை எனக்கு லீவு. மகன் கையில் பிடிக்கப்போவது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. எலிசபெத் லைன் ரயிலில் ஏறி நகரத்துக்குள் போய், துவக்குக் கடை ஒன்றைத் தேடிப் பிடித்தேன். வாசலை இரண்டு தரம் கடந்து போனேன். கண்ணாடிக்குள்ளே பச்சைக் கோட்டுகளும் நீளச் சப்பாத்துகளும் வைத்திருந்தார்கள். என்னைப் போன்ற ஒருவன் உள்ளே போனால் பொலிசைக் கூப்பிடுவார்களோ என்றுகூட நினைத்தேன். மூன்றாம் தரம் போனபோது உள்ளே நின்ற மனிதர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போகாமல் இருக்க முடியவில்லை.

மகன், கனடா, எல்க், மேக்னம். இந்த நான்கு சொல்லும் போதுமாக இருந்தது. முன்பு சுட்டிருக்கிறானா என்று கேட்டார். இதுதான் முதல் முறை என்றேன். அவர் உதட்டைச் சுழித்தார். ஒரு ரைபிளை எடுத்துத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று எனக்குக் காட்டி, என் கையில் தந்தார். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் ஆட்டுத் தொடையைத் தூக்குவது போலத் தூக்கினேன். அவர் சிரிக்கவில்லை. பின்பக்கக் கட்டையை மெல்ல என் தோள்குழியில் வைத்து அமர்த்தினார். அண்ணனுக்கு எலும்பு உடைந்த இடம் அது.

அவர் ஆறுதலாக, எனக்கு விளங்கும்படி பேசினார். முதல் தரம் போகிறவனுக்கு மேக்னம் வேண்டாம். உதைக்குப் பயந்து கண் மூடும், கை இழுக்கும். குண்டு பிழையான இடத்தில் படும். தேர்ட்டி ஓட் சிக்ஸ் போதும். நுரையீரலில் பட்டால் எல்க் விழும். நான் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன். நன்றி சொல்லி வெளியே வந்து, நடைபாதையில் நின்று மகனுக்குப் போன் எடுத்தேன். நானாக அவனுக்கு எடுத்தது அதுதான் முதல் தடவை.

"அப்பா? என்ன, அம்மாக்கு ஏதுமோ?" என்று பதறினான்.

"இல்லை இல்லை. சும்மா."

"சும்மாவோ?" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல நேரம் எடுத்தீங்கள். நேற்று வாங்கிட்டன் அப்பா. நீங்கள் சொன்னதுதான். படம் அனுப்புறன் பாருங்கோ. எங்கட ஆக்கள் சின்னதை எடு, சின்னதை எடு எண்டு ஒரே சண்டை. அப்பாவே சொல்லிட்டார் எண்டன். நீங்கள் ஆர் எண்டு சொன்னன். பிறகு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"நல்லது தம்பி" என்றேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளை நான் காத்திருந்து வாங்கிக்கொண்டேன். அவன் சுட்டுப் பழகப் போன கதைகளைச் சொல்வான். தோள் நீலமாகக் கன்றிவிட்டது என்று படம் அனுப்பினான். "பழகிப்போகும் எண்டீங்கள். ஆனா அப்பா, சுட முதலே கண் தானா மூடுது" என்றான். நான் பழகிப்போகும் என்றேன். போனை வைத்ததும் மனைவி குசினியிலிருந்து கை ஈரத்தோடு வந்தாள்.

"உங்களுக்கு விசரோ? அவன் ஒரு உயிரைச் சுடப் போறான்."

"சொல்லுறன்."

"எப்ப? அவன்ர பிள்ளை கலியாணம் கட்டினாப் பிறகோ?"

"சொல்லுறன் எண்டுறன்."

அவனுக்கு நான் சொன்னவற்றில் ஒன்றே ஒன்றுதான் எனக்குச் சொந்தமானது. எங்கே குறி வைக்க வேண்டும் என்று கேட்டான். அது எனக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு நாளும் ஆட்டைத் திறந்து பார்க்கிறவன் நான். நெஞ்சு உயரத்தை மூன்றாகப் பிரி, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், கீழிருந்து முதல் பங்கு முடிகிற இடத்தில் பார். அங்கே இரண்டு நுரையீரலும் அகலமாக இருக்கும், கீழே இதயம். பின்னால் போகாதே, அது வயிறு. நான் இவ்வளவு சொல் சேர்ந்தாற்போல் பேசியதே இல்லை. மறுபக்கம் அவன் எழுதிக்கொண்டிருந்தான்.

"இதையும் அங்கதான் பழக்கினவையோ அப்பா?" என்று மெதுவாகக் கேட்டான். அங்கே என்றால் இயக்கத்தில்.

"ஓம்" என்றேன். கடையில் நான் பழகியதையும் அண்ணனுக்கே கொடுத்துவிட்டேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் ஐந்து மணி இருக்கும். ஒரு அக்கா ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்கு நின்றார். என் போன் அடித்தது. மகனின் பெயரைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டுப் பின்னால் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"அப்பா."

குரலிலேயே தெரிந்தது.

"பட்டது அப்பா. ஆனா விழேல்லை."

முதல் நாள் பொழுதுபடச் சுட்டிருக்கிறான். எல்க் முதுகை வளைத்துத் துள்ளிவிட்டு மரங்களுக்குள்ளே நடந்து போய்விட்டதாம். ஓடவில்லை, நடந்தது. இருட்டும் வரை பின்னால் போனார்கள். விடிந்ததும் திரும்பவும் போனார்கள். இப்போது மற்றவர்கள் முன்னால் தேடுகிறார்கள், இவன் பனியில் உட்கார்ந்திருக்கிறான்.

"இரத்தத்தில பச்சையா ஏதோ கலந்திருக்கு. அரைச்ச புல்லு மாதிரி. மணக்குது."

என்னைச் சுற்றி ஆடுகள் தொங்கின. அந்தப் பச்சையை நான் எத்தனை ஆயிரம் தரம் தண்ணீர் அடித்துக் கழுவியிருப்பேன்.

"வயித்தில பட்டிருக்கு தம்பி."

"அப்ப?"

"உடன சாகாது."

"எவ்வளவு நேரம் செல்லும்?"

கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன்.

"சொல்லுங்கோ அப்பா."

"கனநேரம்."

அவன் அழுதான். சின்னப் பிள்ளையில் அழுத அதே மாதிரி, மூச்சை உள்ளே இழுத்து இழுத்து. "நான் கண்ணை மூடிப்போட்டன். விசையை இழுக்கேக்க மூடிப்போட்டன். என்ர பிழைதான்."

"இல்லைத் தம்பி, உன்ர பிழை இல்லை."

"நீங்கள் சொல்லுங்கோ. உங்களுக்கு மட்டும்தான் இது விளங்கும், இஞ்ச நிக்கிற ஒருத்தருக்கும் விளங்காது. நீங்கள் சுட்ட ஆள் சாகாமல் கிடந்திருக்குதோ? அதுக்குப் பிறகு நீங்கள் எப்பிடி இருந்தனீங்கள்? எப்பிடிச் சாப்பிட்டனீங்கள்?"

கதவில் தட்டிவிட்டு மீன்காரன் தலையை நீட்டினான். "அண்ணை, அந்த அக்கா எலும்போடயோ எலும்பில்லாமலோ எண்டு கேக்கிறா." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"நான் ஆரையும் சுடேல்லை" என்றேன்.

"உங்களுக்கு அதைக் கதைக்க விருப்பமில்லை எண்டு எனக்குத் தெரியும். இண்டைக்கு மட்டும் அப்பா, ப்ளீஸ்."

"நான் துவக்கே பிடிக்கேல்லைத் தம்பி. ஒருநாளும் பிடிக்கேல்லை."

அங்கே காற்று வீசுகிற சத்தம் கேட்டது.

"பேப்பரில இருக்கே."

"அது என்ர அண்ணை."

"உங்களுக்கு அண்ணை இல்லையே."

"இருந்தவர்."

போன் துண்டிக்கப்பட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இல்லை, நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்ப மேக்னத்தை எடு எண்டு சொன்னது?"

"அது நான் சும்மா சொன்னது."

"சும்மா."

"நீ என்னோட கதைச்சுக்கொண்டிருந்தாய். அதால..." அதுதான் முழு உண்மையும்.

"ஓகே" என்றான். "ஓகே அப்பா. நான் போய்த் தேடோணும்."

வைத்துவிட்டான். நான் வெளியே வந்து அந்த அக்காவுக்கு எலும்போடு ஒரு கிலோ வெட்டிக் கொடுத்தேன்.

எல்க் கிடைக்கவில்லை. பனி கொட்டி இரத்தத்தை மூடிவிட்டது என்று அந்த ஞாயிறு தாய்க்குச் சொன்னான். நான் சோபாவில் இருந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, "அப்பா இஞ்சதான் நிக்கிறார்" என்றாள். அவன் வேறு ஏதோ சொன்னான். "சரி ராசா" என்று வைத்தாள். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்படியே போனது. மேக்னத்தை விற்றுவிட்டான் என்று அவள் ஒருநாள் சொன்னாள்.

சித்திரையில் பத்து நாள் லீவில் லண்டன் வந்தான். விமான நிலையத்தில் தாயைக் கட்டிப்பிடித்தான். என் கையிலிருந்த தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டு, "நான் தள்ளுறன்" என்றான். நான்காம் நாள் தாய் கோயிலுக்குப் போயிருந்தபோது, மேசையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"பெரியப்பாவின்ர பேர் என்ன?"

சொன்னேன். அவன் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். அந்த வீட்டில் அந்தப் பெயரை ஒருவர் சத்தமாகச் சொன்னது அப்போதுதான்.

"படம் இருக்கோ?"

"இல்லை. கொண்டுவரப் பயம்."

"அவர் செத்த நாள்?"

"தெரியாது. பிடிச்ச மாதம் மட்டும் தெரியும்."

"அப்ப திவசம், படையல், ஒண்டும் செய்யிறேல்லையோ? மற்ற வீடுகளில செய்யினமே."

"பேப்பரில அவர் இல்லையே தம்பி" என்றேன். முதலில் பயத்தில் செய்யவில்லை. விசா நிரந்தரமான பிறகு, பாஸ்போர்ட் கிடைத்த பிறகு, செய்திருக்கலாம். யாருக்கு என்று அவன் கேட்பான், அதனால் செய்யவில்லை. இதை எல்லாம் நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால், அவனே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

அண்ணனைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் கேட்டான். எப்படி நடப்பார், என்ன சாப்பிடுவார், ஏன் போனார். ஞாபகம் இருந்த அளவுக்குச் சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டான். நான் முடித்ததும், "போன வருஷம் நான் கதைச்சது முழுக்க அவரோட" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

எனக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. "எங்க குறி வைக்கோணும் எண்டு சொன்னது நான்" என்றேன்.

"என்னது?"

"நுரையீரல். முன்னங்காலுக்குப் பின்னால எண்டது. அது இயக்கத்தில பழகினது இல்லை. நான் கடையில பழகினது."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கொஞ்சம் சிரித்தான் என்றுகூட நினைத்தேன்.

"நீங்கள் சொன்ன இடத்தில நான் சுடேல்லையே அப்பா" என்றான். "கண்ணை மூடிட்டனே."

எழுந்து இரண்டு பேருக்கும் தேத்தண்ணி போட்டான். ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு மேலே தன் அறைக்குப் போனான்.

இந்த வருடமும் வேட்டைக்குப் போகிறான். போன ஞாயிறு தாய்க்குப் படத்தோடு ஒரு மெசேஜும் அனுப்பியிருந்தான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டினாள். தேர்ட்டி ஓட் சிக்ஸ். சுட்டுப் பழகும் இடத்தில் ஒரு கிழவர் இருக்கிறாராம், அவரிடம் கேட்டு, அவருடையதை வாங்கிச் சுட்டுப் பார்த்து, பிறகு வாங்கியிருக்கிறான். சரியான தெரிவு என்று சொல்ல எனக்கு வாய்வரைக்கும் வந்தது. சொன்னால், உங்களுக்கு என்ன தெரியும் என்று அவன் கேட்கமாட்டான். ஆனால் நினைப்பான்.

"கவனமாப் போய் வரச் சொல்லு" என்றேன்.

அவள் அவனுக்குப் போன் எடுத்துச் சொன்னாள். அவன் ஓம் என்றது எனக்கும் கேட்டது. பிறகு இரண்டு பேரும் அங்கே இந்த முறை பனி முந்திவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் என் போனுக்கு அனுப்பித் தந்த படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். துவக்கை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்கிறான். இது தோளை நோகச் செய்வதில்லையாம். அதையும் மனைவிதான் எனக்குச் சொன்னாள்.